டாரன்ட் துரை நடந்த நடை

செத்துட்டாரா! எப்போம்மா?

ஆகஸ்ட்லயா. ரெண்டு மாசம் ஆச்சு. தூக்கத்துலேயே போயிட்டாருன்னா சொன்னீங்க? எண்பத்தேழு வயசு, தூக்கத்துல. அதுகூட அவருக்கு நல்லபடியாத்தான் அமைஞ்சிருக்கு. நான் அவருக்கு ஒரு கடுதாசி எழுத வேண்டியிருந்துச்சும்மா. பத்தொன்பது வருஷமா மனசுக்குள்ளயே எழுதி வெச்சிருந்தேன். போடலாம் போடலாம்னு இருந்து, இன்னும் கொஞ்ச நாள் அவஸ்தைப்படட்டுமேன்னு தள்ளிப் போட்டேன். இப்போ ஆளே இல்லை. இனிமே யாருக்குப் போடறது?

உட்காருங்க. லண்டன்லேர்ந்து குன்னூர் வரைக்கும் வந்திருக்கீங்க. நம்ம தமிழ்ப் பொண்ணு அந்த ஊர்ல உட்கார்ந்து ஆஸ்வின் டாரன்டைப் பத்திப் புஸ்தகம் எழுதறீங்கன்னா சந்தோஷம்தான். எங்கப்பாவுக்கு ஒரு கல்லறைக் கல் வெக்கணும்னு அவர் எழுதி வெச்சுட்டுப் போயிருக்கார், அவர் பொண்ணு அதுக்குத் தேதி கேட்டு அனுப்பியிருக்காங்க. அதானே? தேதி தர்றேன். அதுக்கு முன்னால விஷயத்தைக் கேளுங்க. அம்பது படத்துல நடிச்ச பெரிய குணச்சித்திர நடிகர்னு எழுதப் போறீங்க. எழுதுங்க. ஆனா அவர் பாதி வாழ்க்கை நடிச்சது எங்கப்பாவோட வலது காலை. அதையும் எழுதணும்.

எங்கப்பா பேரு மரியசூசை. மேட்டு கிளப்ல முப்பத்தோரு வருஷம் பட்லர், அதுல பத்தொன்பது வருஷம் ஹெட் பட்லர். சின்ன வயசுல அங்க சமையல்கட்டுல கொதிக்கிற சூப் அண்டா கவிழ்ந்து வலது கால் வெந்து போச்சு. பாதம் உள்பக்கமா இழுத்துக்கிச்சு. நொண்டற ஆளை எவன் பந்தியில பரிமாற விடுவான்? அதனால அவர் ஒரு நடை பழகிக்கிட்டார். மூணு அடி நேரா வெப்பார். நாலாவது அடியில இடுப்பை லேசாத் திருப்பி, குனியற மாதிரி ஒரு பாவனை பண்ணுவார். பாக்கறவங்களுக்கு ஏதோ மரியாதை பண்றாருன்னு தோணும். வலியை மரியாதையா மாத்தி வெச்சிருந்தார் மனுஷன். கையில இருக்கிற சூப் ஒரு சொட்டு தளும்பாது.

நான் அதே கிளப்ல பில்லியர்ட்ஸ் ரூம்ல மார்க்கர். ஸ்கோர் சொல்றது, குச்சிக்குச் சாக் தடவிக் குடுக்கறது, பந்தைத் துடைக்கறது. எனக்கு ஒரு வித்தை உண்டும்மா. யாரை ரெண்டு தடவை பாத்தாலும் அப்படியே செஞ்சு காட்டுவேன். டாக்டர் துரை மூக்கு சிந்தறது, அவர் பொண்டாட்டி நாயைக் கூப்பிடறது, பாதிரியார் பூசையில கொட்டாவியை முழுங்கறது. எஸ்டேட் துரைங்க ஆட்டத்தை நிறுத்திட்டு, "இன்னாசி, டூ த டாக்டர்!"னு கேப்பாங்க. "டூ த பட்லர்!"னும் கேப்பாங்க. செய்வேன். சும்மா தமாஷுக்கு. மனசுல ஒரு கெட்ட எண்ணம் கிடையாது. அப்பா அந்த ரூமுக்கு வரவும் மாட்டார்.

அம்பத்தாறுல லண்டன்லேர்ந்து ஒரு சினிமா கம்பெனி படம் எடுக்க வந்து இறங்குச்சு. ஆறு வாரம். கிளப்ல முக்காவாசி ரூம் அவங்களுக்குத்தான். அதுல ஒருத்தர் டாரன்ட் துரை. அதுவரைக்கும் அவர் இருபத்தாறு படத்துல இருந்தாராம், அவரே சொன்னார். கதவைத் திறந்து விடற போலீஸ்காரர், டாக்ஸி ஓட்டறவர், ரயில்ல எதிர்சீட்ல பேப்பர் படிக்கிறவர், கொலை நடந்த வீட்ல பொணத்தை முதல்ல பாத்துட்டுக் கத்தறவர். ஒரு படத்துக்கு ரெண்டு வரி. நாற்பத்தஞ்சு வயசாயிடுச்சு. லண்டன்ல பஸ்ல போனா, இந்த ஆளை எங்கேயோ பாத்திருக்கோமேன்னு ஜனங்க திரும்பிப் பாப்பாங்களாம். ஒருத்தருக்கும் பேர் தெரியாதாம். இதைச் சிரிச்சுக்கிட்டேதான் சொன்னார். ஆனா கையில இருந்த சாக் கட்டியை மாவா நசுக்கிட்டார்.

இந்தப் படத்துலதான் முதல் தடவையா அவருக்குப் பெரிய வேஷம். கலெக்டர் வீட்டு இந்திய பட்லர். மூஞ்சி, கை, கழுத்தெல்லாம் காப்பிப்பொடி நிறத்துல பூசி, தலைப்பாகை கட்டி விட்டாங்க. ஆனா வரலைம்மா அவருக்கு. டைரக்டர் எல்லார் முன்னாலயும் கத்தினார், "நீ லண்டன் ஓட்டல் வெயிட்டர் மாதிரி நடக்கறே! எனக்கு இந்தியன் வேணும்!"னு. வேற ஆளுக்குத் தந்தி போயிருக்குன்னு கிளப்ல பேச்சு. அவ்வளவுதான், அந்த வேஷம் போச்சுன்னா ஆளும் போன மாதிரிதான்.

சாப்பாட்டு ஹால்ல ஒரு மூலையில உட்கார்ந்து நாலு நாள் எங்கப்பாவையே பாத்தார். எங்கப்பாவுக்கு யாராவது கவனிக்கிறாங்கன்னு தெரிஞ்சா போதும், உடம்பு விறைச்சுக்கும். மரம் மாதிரி நின்னுட்டு, மத்தப் பசங்களை விட்டுப் பரிமாறச் சொல்லிடுவார். துரைக்கு ஒண்ணும் கிடைக்கல. அஞ்சாம் நாள் பில்லியர்ட்ஸ் ரூமுக்கு வந்தார்.

என்கிட்டேர்ந்து பிடுங்கிட்டாரும்மா. அப்படித்தான் சொல்லணும். அழற மாதிரி வந்து உட்கார்ந்திருந்தார், "ஐ கான்ட் கெட் ஹிம்"னார். எனக்கு மனசு கேக்கல. "மாஸ்டர், ஐ ஷோ யூ"ன்னேன். ஒரு மரியாதைக்குத்தானே சொல்றது? எழுந்து ஒரு ட்ரேயை எடுத்து, ரூம் இந்தக் கோடியிலேர்ந்து அந்தக் கோடி வரைக்கும் நடந்தேன். அந்த மனுஷன் மூஞ்சியை நீங்க பாத்திருக்கணும். பசியில இருந்தவனுக்குச் சோறு வெச்ச மாதிரி.

பத்து நாள். மத்தியானம் கிளப் காலியா இருக்கற நேரம். நான் முன்னால, அவர் பின்னால, பில்லியர்ட்ஸ் மேஜையைச் சுத்திச் சுத்தி நடந்தோம். அந்த நாலாவது அடி அவருக்கு வரவேயில்லை. இடுப்பைப் பிடிச்சுத் திருப்பி விட்டேன். ஒரு நாள் கேட்டார், "அவர் தனியா இருக்கறப்போ என்ன பண்ணுவார், யாரும் பாக்காதபோது?"ன்னு. கேட்டவருக்குச் சொல்லித்தானே ஆகணும்? அப்பா காலையில வீட்ல பூட்ஸ் மாட்டும்போது, வலது காலை உள்ள நுழைக்கறதுக்கு முன்னாடி ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு மெதுவாச் சொல்லுவார், "சேசுவே, இன்னிக்கு மட்டும் கால் தாங்கட்டும்." தினமும் இன்னிக்கு மட்டும். அடுத்த ரூம்ல படுத்திருக்கிற எங்களுக்குக் கேக்கும். அதையும் செஞ்சு காட்டினேன். துரை தமிழ்லயே எழுத்து எழுத்தாப் படிச்சுக்கிட்டார்.

அதுக்குப் பதிலா எனக்கு ஒரு சீன் வாங்கித் தர்றேன்னார். வாங்கியும் தந்தார், இல்லைங்கல. கேத்தி ரோட்டுல எடுத்தாங்க. நான் குதிரையை விட்டுக் குதிச்சு ஓடி வந்து, "சார், த பிரிட்ஜ் இஸ் கான்!"னு சொல்லணும். மூணு தடவை எடுத்தாங்க. மூணாவது தடவை டைரக்டரே கை தட்டினார். லைட் பிடிக்கிறவங்ககூடத் தட்டினாங்க.

அம்பத்தெட்டு நவம்பர்ல அந்தப் படம் குன்னூருக்கு வந்துச்சு. தியேட்டர்ல ஒரு ஷோ டிக்கெட் முழுக்கக் கிளப்லயே வாங்கிட்டாங்க. துரைங்க பால்கனியில, நாங்க கீழே பெஞ்சில. அப்பா கஞ்சி போட்ட யூனிபார்மோடயே வந்திருந்தார். பக்கத்துல அம்மா, அப்புறம் தங்கச்சி ரெஜினா, கடைசியில நான்.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், என் சீன் இல்லை. வெட்டிட்டாங்க. பாலம் உடையுது, நல்லாவே உடையுது. ஆனா ஓடி வந்து சொல்ல ஆள் இல்லை. கலெக்டர் தானாவே தெரிஞ்சுக்கறார்! எப்படித் தெரியும் அவருக்கு? சொல்லுங்க. நாலு மைல் தள்ளி பங்களாவுல உட்கார்ந்திருக்கற மனுஷனுக்கு எப்படித் தெரியும்? அதை ஒருத்தனும் கேக்கல.

சரி, அப்பா விஷயத்துக்கு வர்றேன். திரையில துரை ட்ரேயோட வந்தார். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலாவது அடி. பால்கனியில ஒரு சிரிப்பு கிளம்புச்சு பாருங்க, கூரை பறந்துடும் போல. எல்லாரும் எட்டி எங்கப்பாவைப் பாத்தாங்க. துரை ஒவ்வொரு தடவை வரும்போதும் சிரிப்பு. சூப் கொட்டறார், சிரிப்பு. கதவுல முட்டிக்கறார், சிரிப்பு. எங்கப்பா வாழ்க்கையில ஒரு தடவை சூப் கொட்டினது கிடையாதும்மா. அப்பா அசையாம உட்கார்ந்திருந்தார். அப்புறம் ஒரு சீன். பட்லர் தன் அறையில தனியா கட்டில்ல உட்கார்ந்து காலைப் பிடிச்சுக்கிட்டு, மழலை மாதிரி ஒரு தமிழ்ல, "சேசுவே, இன்னிக்கு மட்டும் கால் தாங்கட்டும்"ங்கறார். துரைங்களுக்கு அர்த்தம் தெரியாது. என்னமோ உளறறாருன்னு அதுக்கும் சிரிச்சாங்க.

அப்போ அப்பா திரையைப் பாக்கல. அம்மாவைத் தாண்டி, ரெஜினாவைத் தாண்டி, என்னைப் பாத்தார். பாவம், தாங்க முடியாம ஆறுதலுக்குப் பாக்கறாருன்னு நினைச்சேன். நான் குனிஞ்சு செருப்பைத் தேடிட்டிருந்தேன்.

அந்தக் கிறிஸ்துமஸ் விருந்துல கிளப் செக்ரட்டரி எழுந்து, "சூசை, சினிமாவுல நடந்த மாதிரி நடந்து காட்டு"ன்னார். அறுபது பேர் மேஜையைத் தட்டறாங்க. அப்பா நடந்தார். அவர் நடையைத்தான் நடந்தார், வேற என்ன பண்ணுவார்? மறுநாள் பெல்ட்டையும் தலைப்பாகையையும் ஆபீஸ்ல வெச்சுட்டு வந்துட்டார். அதுக்கப்புறம் எட்டு வருஷம் உயிரோட இருந்தார். கிளப் பக்கம் திரும்பிக்கூடப் பாக்கல. நான் வேலையை விடல, குடும்பம் நடக்கணுமே. அந்த எட்டு வருஷமும் அப்பா என்கிட்டப் பேசல. அம்மாகிட்டப் பேசுவார், ரெஜினாகிட்டச் சிரிச்சுச் சிரிச்சுப் பேசுவார், பால்காரன்கிட்டக் கிரிக்கெட் பேசுவார். நான் உள்ள வந்தா வாயை மூடிக்குவார். அந்தத் துரை மேல அவருக்கு அவ்வளவு கோபம்.

துரைக்கு என்ன ஆச்சு? ராஜயோகம்! அந்த ஒரு வேஷத்துக்கு லண்டன் பத்திரிகையெல்லாம் கொண்டாடுச்சு. அப்புறம் வேலைக்காரன் வேஷம்னா டாரன்ட்தான். ராஜா வீட்டுச் சமையல்காரர், கெய்ரோ ஓட்டல் வாசல்காரர், ஹாங்காங் கப்பல்ல ஒரு சீனக் கிழவர், மலாய்க்காரக் கணக்குப்பிள்ளை. ஒரு பேய்ப் படத்துல செத்துப் போன தோட்டக்காரரா வந்தார், செத்த பிறகும் நாலாவது அடியில இடுப்பைத் திருப்பறார்! எங்கப்பா குன்னூரைத் தாண்டிக் கோயமுத்தூரே நாலு தடவைதான் பாத்திருப்பார். அவர் கால் உலகம் முழுக்கச் சுத்துச்சு. நான் ஒரு படம் விடல. ஊட்டிக்குப் போய்ப் பாத்தேன், கோயமுத்தூருக்குப் போய்ப் பாத்தேன். ஒவ்வொண்ணும் பாத்துட்டு வந்து படுக்கும்போது வயிறு எரியும். இந்த மனுஷன் ஒரு நாள் என் கையில சிக்கணும், ஒரே ஒரு நாள், மாதாவே, அவரை எனக்குக் குடுன்னு வேண்டிக்குவேன். அறுபத்தாறுல அப்பா போனார். அப்பவும் அதேதான் வேண்டிக்கிட்டேன்.

எழுபத்தொன்பதுல மாதா குடுத்தா.

கிளப்புக்குக் கடுதாசி வந்துச்சு. மிஸ்டர் டாரன்ட் பொண்ணோட வர்றார், பட்லர் சூசையைப் பாக்க விரும்பறார்னு. நான் பஸ் ஸ்டாண்டுக்கே போய் நின்னேன். அறுபத்தெட்டு வயசு, உடம்பு வத்திப் போயிருந்தது. பொண்ணு குடை பிடிச்சுக்கிட்டு வந்தா, மழைத் தூறல். என்னை அடையாளம் கண்டுபிடிச்சுட்டார். ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டு, "இன்னாசி, உன் அப்பா எங்கே? எனக்கு எல்லாம் குடுத்த மனுஷன். ஒரு தடவை நேர்ல நன்றி சொல்லிட்டுப் போயிடறேன்"ன்னார்.

என்னல்லாமோ யோசிச்சு வெச்சிருந்தேன். குச்சியால மண்டையில போடலாம்னுகூட ஒரு காலத்துல நினைச்சதுண்டு. ஆனா அவர் அடுத்ததா ஒண்ணு கேட்டார் பாருங்க, "படத்தைப் பாத்தாரா? அவருக்குப் பிடிச்சுதா?" கேக்கும்போது மூஞ்சி, அன்னிக்கு பில்லியர்ட்ஸ் ரூம்ல இருந்ததே, அதே மூஞ்சி. எனக்கு அந்த நிமிஷமே தெரிஞ்சு போச்சு, எங்க அடிக்கணும்னு.

முன்னால நடந்தேன். அவங்க ரெண்டு பேரும் பின்னால வந்தாங்க. கல்லறைத் தோட்டத்து கேட்டைத் தாண்டிச் சுவரைச் சுத்திக்கிட்டு வெளிப்பக்கமாப் போனேன். அங்க வெறும் புல்லு. ஒரு இடத்துல நின்னு, "இங்கதான் மாஸ்டர்"ன்னேன்.

"ஏன் சுவருக்கு வெளியே?"ன்னு கேட்டார்.

"தானா உயிரை விட்டவங்களை எங்க கோயில்ல உள்ள விடமாட்டாங்க மாஸ்டர். படம் பாத்துட்டு வந்த அன்னிக்கே போய் ரயில் தண்டவாளத்துல படுத்துட்டார்."

பொண்ணு "டாடி"ன்னு கையைப் பிடிச்சா. அவர் உதறிட்டார். "ஏதாவது சொன்னாரா?"ன்னார்.

நான் கொஞ்ச நேரம் விட்டேன். உடனே சொல்லக் கூடாது. அப்புறம் சொன்னேன். "'என் காலை எடுத்துக்கிட்டார், பரவாயில்லை. என் ஜெபத்தையும் எடுத்துக்கிட்டாரே'ன்னு சொன்னார் மாஸ்டர்."

அந்த மனுஷன் ஈரப் புல்லுல முட்டி போட்டுட்டார். அம்பது படம் நடிச்சவர் சேத்துல நெத்தியை வெச்சு அழுதார். எனக்கும் கண்ல தண்ணி வந்துச்சு, தானா வந்துச்சு. அவர் பொண்ணு என் தோளைத் தட்டி ஆறுதல் சொன்னா!

உங்க மூஞ்சி ஏன் இப்படிப் போகுது? அத்தனையும் பொய்தான். அதைத்தானே கடுதாசியில எழுத இருந்தேன்! எங்கப்பா தண்டவாளத்துலயும் படுக்கல, எங்கயும் படுக்கல. நெஞ்சுல சளி கட்டி, வீட்ல, கட்டில்ல, பாதிரியார் எண்ணெய் பூசின பிறகுதான் போய்ச் சேர்ந்தார். சுவருக்கு உள்ள, மந்திரிச்ச மண்ணுல, கல்லோட இருக்கார். துரை முட்டி போட்ட இடத்துக்கும் அந்தக் கல்லுக்கும் நடுவுல ஒரு குட்டைச் சுவர்தான். தலையைத் தூக்கியிருந்தா தெரிஞ்சிருக்கும். தூக்கல. நான் நடிச்சது அப்படி. ஒரே சீன், ஒரே தடவை. யாராலயும் வெட்ட முடியல. இதை ஒருத்தராவது பாக்க வேண்டாமாம்மா? பத்தொன்பது வருஷமா ஒருத்தருக்கும் சொல்ல முடியாம வெச்சுக்கிட்டிருக்கேன்.

அதுக்கப்புறம் அவர் நடிக்கவேயில்லைன்னு நீங்க சொல்லித்தான் தெரியுது. ஒரு படம்கூடவா? கூப்பிட்டவங்களுக்கெல்லாம் முடியாதுன்னு எழுதிட்டாரா? வீட்லகூட அந்தப் படத்தைப் போட விடமாட்டாரா? நல்லது. இன்னும் சொல்லுங்க. பொண்ணு கல்யாணத்துக்குக்கூட நடந்து போகாம நாற்காலியில உட்கார்ந்தே போனாரா? நல்லது. நல்லது.

ரெஜினாவுக்குத்தான் பிடிக்கல. கல்லறைத் தோட்டக்காரன் அவகிட்ட உளறிட்டான். கோத்தகிரியிலேர்ந்து அன்னிக்கே கிளம்பி வந்தா. வாசல்ல நின்னுக்கிட்டே கத்தறா, "அப்பாவை ரெண்டாவது தடவையும் ஆடிக் காட்டிட்டியா நீ!"ன்னு. ரெண்டாவது தடவையாம்! முதல் தடவை ஆடினது துரைதானே? அவ எப்பவும் வெள்ளைக்காரன் பக்கம்தான். அன்னிலேர்ந்து என் வீட்டுப் படி ஏறல.

தேதி எழுதிக்குங்க. அறுபத்தாறு, ஜூலை ஒன்பது. கல் ஏற்கெனவே இருக்கு, ரெஜினா வெச்சது, இன்னொண்ணு தேவையில்லை. துரையோட பொண்ணுகிட்ட உண்மையைச் சொல்லுங்க, எனக்கொண்ணும் பயமில்லை. அவங்கப்பா இருபது வருஷம் வெறும் புல்லுக்காக அழுதார்னு அவ தெரிஞ்சுக்கட்டும். ஆனா ஒண்ணு மட்டும். அந்த ஜெபம் இருக்கே, அதைத் துரை தானா எங்கயோ ஒட்டுக்கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டார்னு எழுதிடுங்க. படிக்கிறவங்களுக்குக் குழப்பமா இருக்கும் பாருங்க. அப்புறம், கோத்தகிரிக்குப் போகாதீங்க. ரெஜினாவுக்கு வயசாயிடுச்சு. என்னென்னவோ சொல்லுவா.

என்னம்மா?

அவ வீட்லேர்ந்துதான் வர்றீங்களா. என் விலாசமே அவ குடுத்ததா.

அப்போ எல்லாம் தெரிஞ்சுக்கிட்டுத்தான் இவ்வளவு நேரமாக் கேட்டுட்டு இருந்தீங்க.

சரி. பரவாயில்லை. கடைசி நாள் அப்பா பக்கத்துல அவதான் இருந்தா. எனக்கு கிளப்ல டோர்னமென்ட், வர முடியல. ஒவ்வொருத்தருக்கா ஒரு வார்த்தை சொன்னாராம். அம்மாவுக்கு, அவளுக்கு, அந்தப் பால்காரனுக்குக்கூட. நான் அவகிட்ட இது வரைக்கும் கேட்டதில்லை. கேக்கக் கூடாதுன்னு இல்லை, சந்தர்ப்பம் வரல. உங்ககிட்டச் சொன்னாளா? என்னைப் பத்தி அப்பா என்ன சொன்னாருன்னு?

அவசரமில்லை, யோசிச்சுச் சொல்லுங்க. நோட்டுல எழுதியிருப்பீங்க, புரட்டிப் பாருங்க.

பேரைக்கூடவா சொல்லல?